பத்தொன்பதாம் கேள்வி

மண்டபம் அரசு ஆஸ்பத்திரி மாடி.
ஃபேனைப் போட்டால் தாள் பறக்கிறது,
நிறுத்தினால் கழுத்தெல்லாம் உப்பு.
மதுரையிலிருந்து வந்த பெண்
உடல் உறுப்பு தானம் பற்றி ஆளுக்கொரு தாள் கொடுத்து
பெயர் எழுத வேண்டாம் என்றாள்.

வயது. படிப்பு. சர்வீஸ் எத்தனை வருஷம்.
இருபத்தொன்று.
அதுவரைக்கும் பேனா நிற்கவில்லை.

முன் பெஞ்சில் பார்மசிஸ்ட் அருளானந்து
பரீட்சை எழுதும் பிள்ளை போலத் திரும்பி
"கண்ணை எத்தனை மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்?" என்கிறார்.
ஆறு விரல் காட்டுகிறேன்.
லேப் ஹபீபுக்கு
ஒரு ஆலிம் கூடும் என்றாராம், இன்னொருவர் கூடாது என்றாராம்.
'தெரியாது' கட்டத்தில் டிக் போட்டுவிட்டு
முனீஸ்வரி அக்காவின் தாளை வாசித்துக் காட்டுகிறான்.
"கண்ணைக் குடுத்தா அடுத்த பொறப்புல குருடாகும்னு போடு."
"அப்படி ஒரு கேள்வியே இல்லக்கா."
"இல்லாட்டியும் எழுதிக்க."

பதினேழு:
மூளைச்சாவு என்பது சாவுதான்.
ஆம். இல்லை. தெரியாது.

தடைக்காலம் முடிந்த முதல் வாரம்.
இரண்டு மாசம் சும்மா கிடந்த வின்ச் கயிறு
பாம்பன் பையன் ரெமிஜியுஸ் தலையில் அறுந்தது.
ஆம்புலன்ஸில் நான்தான் போனேன்.
உச்சிப்புளி தாண்டும்வரை
அவன் மூச்சு மொத்தமும்
என் உள்ளங்கை அமுக்கிய பையில்.

ராம்நாட்டில் வெண்டிலேட்டர்.
அந்த மாசம் எனக்கும் அங்கேதான் டெபுடேஷன்.
மூன்றாம் நாள் விடியலில்
டாக்டர் அவன் காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டார்.
படகில் ஐஸ் உடைத்த பிள்ளை.
கண் அசையவில்லை.
ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் விட்டார்.
10.10 என்று சார்ட்டில் எழுதினேன்,
கையெழுத்து அழகாகவே வந்தது.

செபஸ்தியம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"நெஞ்சு ஏறி எறங்குதே சிஸ்டர்?"
மிஷின் ஏற்றுகிறது அம்மா, மிஷின் இறக்குகிறது.
சொல்லவில்லை.
டிரிப் பாட்டிலைப் பார்த்தேன்,
பாதிக்கு மேல் இருந்தது.
மாற்றினேன்.

அவளிடம் கேட்க வேண்டியவர் அன்றைக்கு லீவு.
நாம் கேட்கலாமா என்பதுபோல்
டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் வாசலைப் பார்த்தேன்.
பதினாலு பேர் முழங்காலில் நின்று
ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
புதுமை நடக்கும் என்று நம்புகிறவர்களிடம்
கிட்னி என்ற வார்த்தையை
எந்தக் குரலில் எடுப்பது?

மறுநாள் மத்தியானம் இதயமும் நின்றது.
அதுவரை கச்சிதமாகத் துடித்த இதயம்.
இருபத்துமூன்று வயசு, பீடிகூடக் கிடையாது.

செபஸ்தியம்மாளுக்கு இப்போது சுகர்.
மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை
பாம்பனிலிருந்து பஸ் ஏறி மாத்திரைக்கு வருகிறாள்.
போன தடவை சீட்டை நீட்டிவிட்டு,
டிவியில் யாரையோ காட்டினார்களாம்,
"எம்புள்ளயோடதும் யாருக்காச்சும் ஒதவியிருக்குமா?" என்றாள்.
கோபமாகக் கேட்டிருந்தால்
ஏதாவது சொல்லியிருப்பேன்.
"நீங்க யாரும் கேக்கவே இல்லையே."
மெட்ஃபார்மின் அறுபது எண்ணினேன்.
எண்ணியதைத் திரும்ப எண்ணினேன்.

மதுரைப் பெண் தாள்களை வாங்கிக்கொண்டு வருகிறாள்.
பதினேழில் ஆம்.
பதினெட்டு: உங்கள் உறுப்புகளைத் தானம் செய்வீர்களா?
ஆம், இதற்கு யோசிக்கவேயில்லை.
பத்தொன்பது:
இறந்தவரின் குடும்பத்திடம் இதுபற்றிப் பேச
உங்களால் முடியுமா?

"முடிச்சிட்டீங்களா சிஸ்டர்?"
ஒரு நிமிஷம் என்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே ஐஸ் லாரி
ஜெட்டிப் பக்கம் ஒழுகிக்கொண்டே போகிறது.
இன்றைக்குத் திங்கள்.